நான்காம் அத்தியாயத்தில் மூழ்கிய தையல்காரர்

ஒரு பெண்ணின் இருபது வருட வாழ்க்கை ஒரு குடையின் விலைக்குக் கிடைத்தது. பழைய பேப்பர் கடைக்காரர் முதலில் இரண்டு குடை விலை சொன்னார். "செத்துப்போனவங்க டைரிய எவன் வாங்குவான்?" என்று நாவலாசிரியர் நகர்ந்தார். "வாங்காதவரு எதுக்கு சார் ஒரு மணி நேரமா நின்னு படிச்சீங்க?" என்றார் கடைக்காரர். பேரம் அங்கேயே பாதி விலைக்குப் படிந்தது.

நூறு வருடத்துக்கு முன் ஒரு தையல்காரரின் மனைவி எழுதிய டைரி அது. மழை, நூல் விலை, கணவரின் குறட்டை எல்லாம் இருந்தன; நாவலுக்கு வேண்டிய துக்கம் மட்டும் இல்லை. ஆனால் ஓர் ஆறு இருந்தது. ஆறு கிடைத்தால் யாரையாவது மூழ்கடிக்காமல் எழுத்தாளர்களுக்குத் தூக்கம் வராது. இவரும் நான்காம் அத்தியாயத்தில் தையல்காரரைப் படகோடு கவிழ்த்தார். பதிப்பாளர் படித்து அழுதார். அட்டைக்கே படகுப் படம் என்றார். மறுநாள் டைரியைத் திறந்தால், ஆறு வரும் இடத்துக்குப் பிந்தைய பக்கங்களில் குறட்டையைக் காணோம். அதே பழுப்பு மையில், அதே சாய்ந்த கையெழுத்தில், தினமும் ஒருவருக்கு மட்டும் சமைத்ததாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: "ஆற்றுக்குப் போனவர் எங்கே?"

நாவலாசிரியரின் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"கொல்றதுக்கு முன்னாடி அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கதைக்குத் தேவைப்பட்டுச்சும்மா."

"அவங்களுக்கும்தான் அவரு தேவைப்பட்டாரு."

மனிதர் உடனே இறங்கிவரவில்லை. கணவருக்குப் பதில் கதையில் மாடி வீடு தருவதாக டைரியின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். காலையில் கீழே "வேண்டாம்" என்றிருந்தது. புதுத் தையல் மெஷினுக்கும் அதே பதில். குரலை உயர்த்தாத வாடிக்கையாளரிடம் எந்த வியாபாரி ஜெயித்திருக்கிறான்? பதிப்பாளர் அழுத அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு, தையல்காரரை நீந்திக் கரையேற வைத்தார்.

விடிந்ததும் பக்கத்துக்குப் பக்கம் குறட்டை திரும்பியிருந்தது. சொட்டச் சொட்ட வந்தவருக்குத் தலை துவட்டிக்கொண்டே திட்டியதை அந்த அம்மாள் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். நாவலாசிரியர் அதை ஒரு வரி மாற்றாமல் நான்காம் அத்தியாயமாக்கினார். பதிப்பாளர் இம்முறை சிரித்தார். படகுப் படத்தை எடுத்துவிட்டார். புத்தகம் வந்த அன்று டைரியின் கடைசிப் பக்கத்தில் கேள்வி மறைந்து கணக்கு வந்திருந்தது. வரவு: கணவர், ஈரத்தோடு. பாக்கி: அவருடைய இடது கால் செருப்பு.