படகிலா, கரையிலா

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறி உட்கார்ந்ததும் சத்யப்பிரியாவின் போனில் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "படகுல ஏறிட்டோம். அம்மாகிட்ட மூச்சு விடாத." கூடவே ஒரு படம். அக்கா அருள்மொழியும் அவள் மகள் அமராவும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு ஒரு விசைப்படகில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் படகுத்துறையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தவர் அக்கா வீட்டுக்காரர் எழிலன். அவருக்குப் படகில் ஏறினாலே வாந்தி வரும்.

சத்யா போனைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஜன்னலோரம் அம்மா தைலம்மாள், கண் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். சிதம்பரத்துக் கண் ஆஸ்பத்திரியில் இன்றைக்கு மறுபரிசோதனை.

எழிலனுக்கு அண்ணாகிராமம் பக்கம் சொந்த ஊர். முந்திரித் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. குடிகாடு பக்கத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மூன்று வருஷம் முன்பு இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் மேற்குக் கோடியில் வேலை கிடைத்தது. கம்பெனி கொடுத்த வீடு. தினம் மத்தியானம் தவறாமல் மழை. அமரா ஆறு மாதத்தில் அந்த ஊர்ப் பாஷையைப் பிடித்துக்கொண்டு, மார்க்கெட்டில் அம்மாவுக்காக விலை பேச ஆரம்பித்துவிட்டாள்.

குடிகாட்டில் ஞாயிறு என்று ஒன்று எழிலனுக்கு இருந்ததே இல்லை. அங்கே வாரம் இரண்டு நாள் முழுதாக லீவு. பழைய கார் ஒன்று வாங்கினார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்காவது கிளம்பிவிடுவார்கள். பனி மூடிய தேயிலை மலை, கந்தகம் நாறும் எரிமலை வாய், நூறு வருஷத்து மரங்கள் நிற்கும் தோட்டம். ஒரு தடவை ராத்திரி ரயிலில் போய், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கட்டிய பெரிய சிவன் கோயிலை வீடியோ காலில் காட்டினார்கள். தைலம்மாள் போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். தினம் பூஜை உண்டா என்று விசாரித்தாள். அமரா ஓடிப்போய்க் காவலாளியிடம் கேட்டு வந்து, தினமெல்லாம் கிடையாதாம் ஆயா என்றாள். தைலம்மாளுக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

எங்கே வேண்டுமானாலும் போகட்டும், கடல் பக்கம் மட்டும் போகக் கூடாது. அவள் போட்ட ஒரே நிபந்தனை அது. காரணத்தை யாரும் கேட்கவில்லை. தேவனாம்பட்டினத்தில் சுனாமி வந்த அந்த டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் தைலம்மாள் இடுப்பில் மூன்று வயது சத்யாவோடும் கையில் பத்து வயது அருள்மொழியோடும் ஓடிப் பிழைத்தாள். நடுப்பிள்ளை கார்த்திகேசன், ஆறு வயது, மணலில் விளையாடிக்கொண்டிருந்தவன், கிடைக்கவில்லை. அப்பா இளவரசு அன்றைக்குக் கடலுக்குப் போயிருந்தார். மத்தியானம் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, மகனும் இல்லை. அவரும் நான்கு வருஷம் முன்பு மாரடைப்பில் போய்விட்டார்.

அருள்மொழி மூன்று வருஷம் அம்மா சொல்லைத் தட்டவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் நீச்சலுக்குக் கூட்டிப்போனால் அமரா தண்ணீர் ஓரத்திலேயே நின்று அழுகிறாள் என்று டீச்சர் சொன்னதிலிருந்து அவளுக்கு உறுத்தல். தன் பயம் மகளுக்கும் ஒட்டிக்கொண்டது என்று சத்யாவிடம் சொல்லி வருத்தப்பட்டாள். கடற்கரையில் ஓர் ஓட்டலில் தங்கி, படகில் போய் எரிமலைத் தீவைத் தூர நின்று பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமரா வாய் தவறி ஆயாவிடம் ஓட்டலைச் சொல்லிவிட்டாள். தைலம்மாள் உடனே போனை வைத்துவிட்டாள். படகு விஷயம் சத்யாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டு, அம்மாவின் கண்ணில் மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். கூடத்துச் சுவரில் சத்தமில்லாமல் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்யா சும்மா நிமிர்ந்து பார்த்தாள். கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடியது. இந்தோனேசியாவில் கடலுக்கடியில் நிலநடுக்கம். ஜாவாவின் மேற்குக் கடற்கரைக்குச் சுனாமி எச்சரிக்கை.

சத்யா போனை எடுத்தாள். மணி ஒன்பது இருபது. அங்கே பத்து ஐம்பது. படகு இந்நேரம் நடுக்கடலில் இருக்கும். எழுந்து தள்ளிப் போய் அக்காவுக்குப் போட்டாள். போகவில்லை. எழிலன் மாமாவுக்குப் போட்டாள். 'காலிங்' என்றே நின்றது. திரும்ப அக்காவுக்கு. நான்கு முறை, ஐந்து முறை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தாள். டிவியை அவளால் பார்க்க முடியாது. டாக்டர் பார்த்து முடிக்கும்வரை தெரியாமலே இருந்துவிட்டால் போதும் என்று சத்யா நினைத்தாள்.

அது நடக்கவில்லை. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த புவனகிரிக்காரர் தன் மனைவியிடம், இந்தோனேசியாவில் பூமி அதிர்ந்திருக்கிறதாம், அலை வருமாம் என்று சத்தமாகவே படித்துக் காட்டினார். தைலம்மாளின் கை காற்றில் துழாவி சத்யாவைத் தேடியது. சத்யா ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்டி?"

"அக்கா ஊருப் பக்கந்தாம்மா."

"அவுங்க எங்க இருக்காங்க?"

படகு என்று சொன்னால் இங்கேயே விழுந்துவிடுவாள் என்று சத்யாவுக்குத் தோன்றியது. முன்யோசனை எதுவும் இல்லாமல் வாயில் வந்தது.

"படகுலல்லாம் போவலம்மா. கரையிலதான் இருக்காங்க. ஓட்டல்லதான். பயப்படாத."

தைலம்மாள் சட்டென்று எழுந்து நின்றாள். கண் திறந்துவிட்டது. மருந்தால் விரிந்த கண்பாவைகள் எதையும் பார்க்காமல் வெறித்தன. "கரையிலயா" என்று கேட்டாள். மறுபடியும் அதையே கேட்டாள். பிறகு நாற்காலியில் சரிந்தாள். நர்ஸ் ஒருத்தி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். அம்மா அதைத் தள்ளிவிட்டாள்.

"கரையில இருந்தவந்தான்டி போனான். உங்கப்பா கடல்ல இருந்தாரு. கட்டுமரத்துக்கு அடியில அல போனதே அவருக்குத் தெரியல. கடல்ல இருந்தவுங்க அத்தன பேரும் வந்தாங்க. கரையில இருந்ததுங்கதான்..."

அம்மா குரல் இறங்கிப் போய், யாரிடமோ சொல்வதுபோல் பேசினாள்.

"அன்னிக்கி விடியக்காலம் அப்பா கௌம்பறப்போ நானும் வரேன்னு அழுதான். அவரும் ஏத்திக்கிறேன்னாரு. சின்னப் பையன் கடல்ல என்னா பண்ணுவான், கரையிலயே கெடக்கட்டும்னு நாந்தான் புடிச்சி நிறுத்துனேன்."

இருபது வருஷத்தில் அவள் அதைச் சொன்னதே இல்லை. அம்மா பயந்தது படகுக்கு அல்ல, கடலுக்கும் அல்ல என்று சத்யாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, தான் பொய் சொன்னதாகச் சொன்னாள். அக்காவும் அமராவும் காலையிலேயே படகில் போய்விட்டார்கள், படம்கூட வந்தது, அக்காதான் சொல்ல வேண்டாம் என்றாள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். தைலம்மாள் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, பார்வை தெரியாத கண்ணோடு கிட்டத்தில் இழுத்தாள்.

"இது நெசமா? என் மேல ஆணயா?"

"நெசம்மா."

அம்மாவின் மூச்சு மெல்ல நிதானப்பட்டது. பெரிய படகா, மிஷின் படகா, ஓட்டுகிறவன் அந்த ஊர்க்காரனா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு திடீரென்று நிமிர்ந்தாள்.

"மாப்ள?"

"அவுரு படகுல ஏறலம்மா" என்றாள் சத்யா.

"அவுரு கரையில நிக்கிறாரா? ஐயோ, அவுருக்குக் கடல் தெரியாதேடி. போடு. போட்டுக்கினே இரு."

சத்யா போட்டாள். காலிங். காலிங். ஒன்பது நாற்பதுக்குத் திடீரென்று 'ரிங்கிங்' என்று மாறியது. எடுத்தார் எழிலன். பின்னால் சங்கு ஊதுவதுபோல் நீளமான அபாய ஒலி, ஆட்கள் கத்தும் சத்தம். படகுத்துறையில்தான் நிற்பதாகச் சொன்னார். எல்லோரும் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். போலீஸ்காரன் இரண்டு முறை வந்து இழுத்தான். அருளும் அமராவும் கடலில் இருக்கும்போது தான் மட்டும் எப்படிப் போவது என்று கேட்டார். கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, துறையைத் தாங்கும் தூண்கள் எல்லாம் அடிவரை தெரிகின்றன என்றும் சொன்னார்.

தைலம்மாள் போனைப் பிடுங்கினாள்.

"மாப்ள, நான் பேசறேன். தண்ணி உள்ள போச்சின்னா திரும்பி வரும். இப்ப வரும். நீங்க ஏறுங்க."

"அத்த, அவுங்க ரெண்டு பேரும்..."

"அவுங்களுக்கு ஒண்ணும் ஆவாது. ஆழத்துல இருக்கறவங்கள அது தொடாது. நான் சொல்றேன், எனக்குத் தெரியும். அவுங்க திரும்பி வந்தா நீங்க இருக்கணும் மாப்ள. அங்க நின்னு பாத்துக்கினு இருந்தா அவுங்க உங்களத் தேடணும். அந்தத் தேடற வேல வேணாம். நான் தேடியிருக்கேன்."

அபாய ஒலி மட்டும் கேட்டது.

"திரும்பிப் பாக்காம ஓடுங்க. வண்டிய எடுக்காதீங்க. போன வெக்காதீங்க, ஓடற சத்தம் எனக்குக் கேக்கணும்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சத்யா அம்மாவின் தோளோடு ஒட்டிக்கொண்டு கேட்டாள். செருப்புச் சத்தம். மூச்சிரைப்பு. யாரோ அந்த ஊர்ப் பாஷையில் கத்தினார்கள். ஏதோ உருண்டது. மறுபடியும் மூச்சிரைப்பு. அப்புறம் லைன் அறுந்தது.

அதற்குப் பிறகு போகவே இல்லை. நர்ஸ் வந்து மெதுவாக, டாக்டர் கூப்பிடுகிறார் என்றாள். தைலம்மாள் எழுந்து போய் மோவாயை மெஷினில் வைத்துக் காட்டினாள். கண் நன்றாக ஆறியிருக்கிறது, ஒரு மாதம் அழக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்றார் டாக்டர். சரிங்க ஐயா என்றாள்.

வெளியே வந்ததும் சத்யா, கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டாள். கிழக்குக் கோபுரம் நடந்து போகிற தூரம்தான்.

"இந்தப் போனுக்கு டவர் கெடைக்கிற எடமாப் பாத்து ஒக்காரு" என்றாள் அம்மா.

கீழவீதியில் ஒரு மருந்துக்கடை வாசலில் ஸ்டூல் வாங்கிப் போட்டு உட்கார்ந்தார்கள். சத்யா காபி வாங்கிவந்தாள். அது ஆறி ஆடை கட்டியது. செய்தியில் அலை கரையைத் தொட்டுவிட்டதாக வந்தது. எவ்வளவு உயரம், எத்தனை பேர் என்று எதுவும் தெரியவில்லை. சத்யா அதை மறைக்காமல் படித்துச் சொன்னாள். இனி அம்மாவிடம் எதையும் மறைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"அப்பாவுக்குத் தெரியுமில்ல, நீதான் அவன நிறுத்துனன்னு?" என்று கேட்டாள் சத்யா, வெகு நேரம் கழித்து.

"தெரியாம? அவுரு கண்ணு முன்னாலதான் நிறுத்துனேன். சாவறவரைக்கும் ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா ஆறியிருக்கும்."

பதினொன்று ஐந்துக்கு வேறு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எழிலன். யாரோ ஒரு கடைக்காரர் போன். மேட்டில் இருக்கும் பள்ளிவாசலின் மாடியில் நூறு பேரோடு இருப்பதாகச் சொன்னார். ஓடும்போது விழுந்ததில் முழங்கால் கிழிந்துவிட்டது, போன் உடைந்துவிட்டது. அவர் மேட்டின் பாதி ஏறியபோது தண்ணீர் வந்தது. பெரிய அலை இல்லை, இரண்டு ஆள் உயரம்தான் என்கிறார்கள். ஆனால் படகுத்துறை இல்லை. ஓரத்தில் இருந்த சாப்பாட்டுக் கடைகள் இல்லை. கார் தென்னைமரத்தில் செருகிக்கொண்டு கிடக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, படகைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை அத்தை என்று அழுதார்.

"வருவாங்க. கரைக்கு இப்ப வரக் கூடாது. ஓட்டறவன் வெவரமானவனா இருந்தா வர மாட்டான்" என்றாள் தைலம்மாள். சொல்லும்போது அவள் கை சத்யாவின் முழங்காலை நசுக்கிக்கொண்டிருந்தது.

படகோட்டி விவரமானவன்தான். ரேடியோவில் எச்சரிக்கை வந்ததும் படகைத் திருப்பி இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். சாயங்காலமானாலும் பரவாயில்லை, கரையிலிருந்து உத்தரவு வராமல் நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். இந்தியாவில் இரண்டு மணிக்கு வடக்கே வேறு ஒரு துறைமுகத்தில் இறங்கியதும் அருள்மொழி போன் செய்தாள். அலை போனது தங்களுக்குத் தெரியவே தெரியாது, தண்ணீர் லேசாகத் தூக்கி இறக்கியதுபோல இருந்தது, அவ்வளவுதான் என்றாள். எழிலன் உயிரோடு இருக்கிறாரா என்பதை மட்டும் மூன்று முறை கேட்டாள். சொல்லாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவளை அம்மா பேசவிடவில்லை. முதலில் மாப்பிள்ளை இருக்கிற இடத்துக்கு வண்டி பிடித்துப் போ என்றாள்.

போனை வைத்தபிறகுதான் தைலம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். டாக்டர் சொன்னதை சத்யா நினைவுபடுத்தினாள். அம்மா முந்தானை நுனியால் கண்ணோரத்தை ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஆனாலும் நிற்கவில்லை. மருந்துக்கடைக்காரர் கேட்காமலே சுத்தமான பஞ்சு ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் இவர்கள் வீடு திரும்பியதும் வந்த வீடியோ காலில் மூன்று பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். எழிலனின் முழங்காலில் பெரிய கட்டு. அம்மாவுக்கு உருவங்கள் மசங்கலாகத்தான் தெரிந்தன. அமரா, படகு ஓரத்தில் டால்பின் பார்த்ததாகவும் தான் அழவில்லை என்றும் சொன்னாள். பிறகு, ஆயா நீங்க பயந்தீங்களா என்று கேட்டாள்.

"பயந்தேன்" என்றாள் தைலம்மாள். "ஒனக்கு ஒரு மாமா இருந்தான், தெரியுமா? ஆறு வயசு. படகுன்னா உசுரு."

அமராவுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொன்னதில்லை. தைலம்மாள் போனை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, கார்த்திகேசன் பிறந்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அருள்மொழி மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். சத்யா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.