குட்டை நெல்

எழுமலைக்குக் கிழக்கே முத்துக்கருப்பன் ஐயாவின் வயலை நானும் என் வீட்டுக்காரர் நல்லகாமனும் வாரத்துக்குப் பயிர் செய்தோம். நெல்லில் ஆளுக்குப் பாதி. உழுகிற மாடு எங்களுடையது என்பதால் வைக்கோல் முழுவதும் எங்களுக்கு. ஐயாவின் அப்பா காலத்திலிருந்தே அதுதான் வழக்கம்.

எழுபத்திமூன்றில் விவசாய ஆபீசர் ஜீப்பில் வந்து புது விதை கொடுத்தார். பயிர் இடுப்புக்கு மேல் வளராது, எவ்வளவு உரம் போட்டாலும் சாயாது, கதிர் மட்டும் பெருக்கும் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பழைய நெல் நெடுநெடுவென்று வளர்ந்து, கதிர் முற்றுவதற்குள் சேற்றில் படுத்துவிடும். இது விறைப்பாக நின்றது. பார்த்து நானும்தான் வாயைப் பிளந்தேன்.

களத்தில் நெல் குவிந்ததும் ஐயா வந்தார்.

"உரம் நான் வாங்கிப் போட்டது. அதுனால கூட வெளஞ்சது அம்புட்டும் எனக்கு. முன்ன வெளஞ்ச அளவுல உனக்குப் பாதி."

வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வைக்கப் படப்பப் பாருங்கய்யா! பயிரு குட்டையாப் போயி, பழைய படப்புல பாதிகூட இல்ல. மாட்டுக்கு என்னத்தப் போட?"

"வைக்கலு முழுக்க உனக்குத்தான? அதுல நான் கை வச்சனா?"

கை வைக்க அதில் என்ன இருந்தது? நியாயம் பேசுகிறாராம்!

மாசி முடிவதற்குள் படப்பு தீர்ந்தது. மாடு இரண்டும் எலும்பும் தோலுமாயின. கன்றிலிருந்து நான் வளர்த்தவை.

"உசிலம்பட்டிச் சந்தைக்குப் பத்திட்டுப் போயிருவோம்" என்றார் வீட்டுக்காரர்.

இந்த நிலையில் அடிமாட்டுக்காரனைத் தவிர வேறு யார் கேட்பார்கள்? அது அவருக்கும் தெரியும். ஆத்திரத்தோடு நானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

வழியில் ஐயா வீடு. வாசல் நிறைய அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் அந்தக் குட்டை நெல். மாடுகள் நின்றுவிட்டன. நான் கயிற்றை விட்டுவிட்டேன்.

"வேணாம்டி!" என்று வீட்டுக்காரர் பதறினார். அதற்குள் இரண்டும் வாயை வைத்துவிட்டன. ஐயா அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"மாட்டப் புடி! இன்னையோட வாரத்தப் புடுங்கிருவேன்!"

"புடுங்குங்க. உழுகுறதுக்குப் பசிக்காத மாடா ஒரு சோடி அந்த ஆபீசர்ட்டயே கேட்டு வாங்கிக்கங்க."

அவர் கத்திக்கொண்டே இருந்தார். மாடுகள் தாமாகத் தலையைத் தூக்கும்வரை நான் கயிற்றைத் தொடவில்லை.