முதல் பச்சை

“உசுரு தானா வருமா, சொல்லு?”

பூசணம் பிடித்த நாற்பது பைகளைத் தூக்கி எறிந்துகொண்டே காளான் கொட்டகை முதலாளி தர்மா அண்ணன் அன்றைக்குக் கேட்டார். பைக்குள் ரப்பர் மரத்தூள். அதில் வெள்ளையாகக் காளான் இழை பிடித்திருக்க வேண்டும். பச்சைப் பூசணம்தான் பிடித்திருந்தது. “தானா வந்துருச்சுண்ணே” என்று தினேஸ்வரி முனகியது வினையாகிவிட்டது.

“கை கழுவாம காளான் வித்து போட்டுருப்ப. இன்னொரு வாட்டி பச்ச வந்துச்சு, வேற வேல பாத்துக்க லா!”

மலேசியாவில் சித்தியவான் பக்கம் ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டுப் போட்ட கொட்டகை அது. அதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். முகம் பார்த்துப் பேசவே கூசுகிறவள். ஆனால் வேலை போகுமே என்ற பயத்தையும் மீறி அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. தானா வருமா?

பச்சை பிடித்த பைகளின் தேதியைப் பார்த்தாள். எல்லாம் வெள்ளிக்கிழமை வித்து போட்டவை. வெள்ளிக்கிழமைதான் தர்மா அண்ணன் வித்து போடும் அறைக்குள் சாம்பிராணி போடுவார். தணலுக்காக, மூலையில் ஈரத்தில் கிடக்கும் சாக்கிலிருந்து தேங்காய் மட்டையை எடுத்து, அங்கேயே நின்று நார் நாராகக் கிழிப்பார்.

கிருமி சாக ஆவியில் வெந்த பைகளில் ஆறை எடுத்து வைத்தாள். ஐந்தைத் திறக்கவே இல்லை. கையை நன்றாகக் கழுவிவிட்டு, ஆறாவதில் மட்டை நாரை ஒரு சிட்டிகை போட்டு அடைத்தாள்.

பத்தாம் நாள் ஐந்தும் அப்படியே பழுப்பாக இருந்தன. ஆறாவது பச்சைப் பசேலென்று!

“என்னா புள்ள, தனியா சிரிக்கிற? சாமி வந்துருச்சா?” என்றாள் கூட வேலை செய்யும் குமுதா.

“அக்கா, இந்தப் பச்ச மட்டைலேர்ந்து வந்துச்சு. மட்டைக்கு வேற பச்சைலேர்ந்து. அதுக்கு இன்னொண்ணு. அப்ப மொத பச்சைக்கு? அதக் கொண்டாந்து போட யாருமே இல்லையேக்கா!”

பின்னால் தர்மா அண்ணன் நின்றிருந்தார். “சாமிதான் போட்டுச்சு. இந்த அஞ்சுல தானா வரலல்ல? பெறகென்ன?”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இது அஞ்சு பை, பத்து நாளுண்ணே. அந்தக் காலத்துல கடலு பூரா, கோடிக்கணக்குல வருசம். உப்பு, சூடு, மின்னலு... யாரும் சொல்லாமலே தண்ணி ஆவியாகுதுல்ல? அப்படியே ஒண்ணோட ஒண்ணு சேந்து சேந்து உசுராயிருந்தா?”

“யாரு பாத்தா?”

“யாரும் பாக்கல. படிச்சவங்களே இன்னும் செஞ்சு காட்டலயாம். சாமி வச்ச சட்டமோ, சட்டம் மட்டுந்தானோ, எனக்குத் தெரியலண்ணே. நெனச்சாலே புல்லரிக்குது!”

குமுதா வாயைப் பிளந்தாள். இந்தப் பிள்ளை இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

“பேச்ச மாத்தாத. என் நாப்பது பைல பச்ச எப்படி வந்துச்சு?”

“மொத உசுருக்குத்தாண்ணே பதில் தெரியாது. இதுக்குத் தெரியும்.” ஆறாவது பையை அவரிடம் நீட்டினாள். “உள்ள இருக்கறது உங்க சாம்பிராணி மட்டை. என் கை இல்ல.”

தர்மா அண்ணன் பையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைக்கு நடுவில் நார் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் காது மடல் சிவந்தது. மேசையில் இருந்த வித்துப் புட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். மூலைக்குப் போய் மட்டைச் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.