நீருக்கு மேலே வந்த டர்பைன்

ரோஸ்மேரி தைத்த கழுத்துப் பட்டி மூன்றாவது முறையும் கோணிக்கொண்டது. பக்கத்தில் வந்து நின்ற ஜெயபாரதி, அந்த நல்லூர் பனியன் கம்பெனியின் சொந்தக்காரி, துணியை எடுத்துப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினாள்.

"ஏன் அம்மிணி, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது?"

"அவுக போன் எடுக்கலக்கா. டர்பைன்ல வல சிக்கி நின்னு போச்சாம். நாத்தனாரு சொல்லுதா."

ரோஸ்மேரியின் கணவன் ஆரோக்கியராஜ் தூத்துக்குடியில் சங்கு குளித்தவன். இப்போது, இரண்டு தீவுகளுக்கு நடுவே ஓடும் கடல் நீரோட்டத்தில் மின்சாரம் எடுத்துப் பார்க்கும் கம்பெனியில் இருந்தான். அவர்களுடைய பழைய டர்பைன் கடலடியில், காற்றாலை போல நின்றது. ஜெனரேட்டரும் அதற்குள்ளேயே. எது பழுதானாலும் ஆள்தான் இறங்க வேண்டும். போன வருடம் அதில் சிக்கிய மீன்வலையை அறுக்க இறங்கியவனை, எதிர்பார்த்ததற்கு முன்பே திரும்பிய நீரோட்டம் பாறையில் அடித்தது. தோளெலும்பு முறிந்து அவன் ஆஸ்பத்திரியில் கிடந்ததை ரோஸ்மேரியால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவனிடம் கெஞ்சிப் பார்த்தாள், சண்டையும் போட்டாள். அவன் கடலை விடவில்லை.

போன் அடித்தது. வீடியோ கால். பாய்ந்து எடுத்தாள்.

ஆரோக்கியராஜ் வெயிலில் நின்று சிரித்தான். தலைமுடி காற்றில் பறந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை.

"நீங்க எறங்கலையா?"

"எதுக்குட்டி எறங்கணும்? இங்க பாரு." போனைத் திருப்பினான். மிதவை ஒன்றின் மேல், நீளமான இறக்கைகள் நெடுக்காகப் பொருத்திய கூண்டு ஒன்று சாய்ந்து கிடந்தது. வலை அதில் சுற்றியிருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்த வாக்கில் அறுத்துக்கொண்டிருந்தார்கள். "புதுசு. போன வாரந்தான் மாட்டுனோம். ஜெனரேட்டரு மேலேயே இருக்கு, தண்ணிக்குள்ள சுத்துற இறக்க மட்டுந்தான். கோளாறுன்னா வின்ச்ச வச்சி, கம்பியச் சுத்தித் தூக்கிருவோம். தண்ணி இங்குட்டு ஓடுனாலும் அங்குட்டு ஓடுனாலும் ஒரே பக்கமாத்தான் சுத்தும். பழசு மாதிரி தண்ணி வார பக்கம் மூஞ்சியத் திருப்ப வேண்டாம், திருப்புற மிசினு பாதியில நிக்கிற தொல்லையும் இல்ல."

"போன எடுக்குறதுக்கு என்ன கேடு?"

"வின்ச்சு போட்ட சத்தத்துல கேக்கலட்டி."

அவளுக்குத் திட்டத்தான் வந்தது. ஆனால் குரல் உடைய, வெட்டுத்துணி ஒன்றை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

ஜெயபாரதி போனுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க தம்பி, அந்தக் கரண்டு எங்க கம்பெனிக்கு வருமுங்களா?"

"இங்க இருக்கிற தீவுக்கே இன்னும் பத்தலக்கா!"

முகத்திலிருந்து துணியை எடுக்காமலே ரோஸ்மேரி சிரித்தாள்.