முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு

அப்பா இறக்கும்போது தன்னுடைய 1970ஆம் வருடத்து மசில் காரை, பெரிய எஞ்சின் வைத்த அந்த முரட்டு வேகக் காரை, எங்கள் மூவருக்கும் பொதுவாக எழுதிவைத்தார். அண்ணன் லோவல், நடுவில் நான் வெர்னா, கடைசியில் தம்பி டுவேன். நல்ல மனதோடு செய்த காரியம்தான். பெற்ற பிள்ளைகளின் குணத்தை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்துக் கார்கள் நேரே பாய்வதற்குப் பிறந்தவை. வளைவு வந்தால் படகு மாதிரிச் சாயும். சக்கரங்களுக்கு மேல் காரைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பை, அதாவது சஸ்பென்ஷனை, மாற்றியே ஆகவேண்டும் என்பதில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கருத்து. எதைப் போடுவது என்பதில்தான் ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை. லோவல், தரையில் கூம்புகளை நட்டு அவற்றுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டும் பந்தயக்காரன். டுவேனுக்குக் கால் மைல் நேர்ப்பாதையில் சீறிப்பாயும் பந்தயத்தைத் தாண்டி உலகமே கிடையாது.

"ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கணும்டா. அப்பதான் வளைவுல சாயாம நிக்கும்" என்றான் லோவல்.

"கல்லு மேல நீயே உக்காந்து போண்ணே. கிளம்புறப்ப பின்னாடி அமுங்கினாத்தான் டயர் ரோட்டைப் புடிக்கும். மெத்து மெத்துன்னு வேணும்."

நன்றித் திருநாள் விருந்தில் வான்கோழி ஆறிப்போகும்வரை பேசினார்கள். மார்ச் மாதம் ஒரு சமரசம் வந்தது. முன்சக்கரங்கள் அண்ணன் பொறுப்பு, பின்சக்கரங்கள் தம்பி பொறுப்பு. மூன்றில் ஒரு பங்கு என்னுடையது என்பது யாருக்கும் நினைவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன் என்பதும்தான்.

வேலை முடிந்ததும் கூப்பிட்டுக் காட்டினார்கள். முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி நின்றது.

"நாய் மோப்பம் புடிக்கிற மாதிரி நிக்குதே" என்றேன்.

"அதுதான்க்கா அழகு" என்றான் டுவேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, லைமா ஊருக்கு வெளியே கண்காட்சி மைதானத்தில் பந்தயத்துக்காகக் கூம்புகள் நட்டிருந்தார்கள். ஓட்டியது லோவல், பக்கத்தில் டுவேன், பின்னால் நான். கிளம்பியபோது பின்பாகம் சோபா மாதிரி அமுங்கியது, டுவேன் சிரித்தான். முதல் வளைவில் லோவல் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தான். கார் நேராகவே போனது.

"திருப்புண்ணே."

"திருப்பிட்டேன்டா."

"எப்ப?"

"அப்பவே."

மைதானத்தின் ஓரம் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு அடுத்திருந்த சோளக்காட்டுக்குள் நாற்பதடி போய் நின்றோம். காட்டுக்காரர் எம்மெட் நிதானமாக நடந்து வந்து ஜன்னலில் குனிந்தார்.

"போன வாரம் மான் வந்துச்சு. அதுவாச்சும் ரெண்டு கதிரைத் தின்னுட்டுப் போச்சு."

உள்ளே, பழி முன்சக்கரத்துக்கா பின்சக்கரத்துக்கா என்று விசாரணை தொடங்கிவிட்டது. நான் இறங்கி, சோளத்துக்கு நடுவே நின்றபடியே சஸ்பென்ஷன் கடைக்காரருக்கு போன் போட்டேன். என்னென்ன மாட்டியிருக்கிறது என்று வரிசையாகச் சொன்னேன்.

"முன்னாடியும் பின்னாடியும் வேற வேற ஆள் வாங்கினாங்களாம்மா?"

"ஆமா."

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?"

"இல்ல."

"அதைத்தான் கார் சொல்லுது. நாலு சக்கரத்துக்கும் ஒண்ணா யோசிச்சுச் செஞ்ச செட்டு இருக்கு. இறுக்கத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம்."

வாங்கிவிட்டேன். முன்பாதியை லோவலும் பின்பாதியை டுவேனும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே மாட்டினார்கள். இறுக்கத்தை நான்தான் திருகினேன்.

செப்டம்பரில் அதே மைதானம். இந்த முறை ஓட்டியது நான். இருவரும் பின்சீட்டில், முழங்கால் முகவாயைத் தொட. கார் திருப்பிய இடத்தில் திரும்பியது. ஒரு கூம்பும் விழவில்லை. இறங்கியபோது எம்மெட் வேலியோரம் நின்று கைதட்டினார். தன் சோளத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

"மூணாவது வளைவுல இவ சீக்கிரம் திருப்பிட்டா" என்றான் லோவல்.

"ஆமாண்ணே, ரொம்பச் சீக்கிரம்" என்றான் டுவேன்.

வீடு வரும்வரை என் ஓட்டத்தில் குறை சொல்லிக்கொண்டே, ஒருவர் பேச்சை ஒருவர் ஆமோதித்தபடி வந்தார்கள். அந்த ஒற்றுமை கலையக்கூடாதென்று, வழியில் வந்த வளைவுகளையும் கொஞ்சம் சீக்கிரமாகவே திருப்பினேன்.