எண்பத்தெட்டாவது நிமிடத்தில் தூக்கிய கை

கண்டக் கால்பந்துக் கிண்ணத்தின் பதினோராவது இறுதி ஆட்டத்தில், எண்பத்தெட்டாவது நிமிடத்தில் தூக்கிய வலது கையை லைன்ஸ்மேனால் அதற்குப் பிறகு இறக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்து, கிண்ணம் கைமாறி, வாசல் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து நின்றபோதும் அது அப்படியேதான் இருந்தது: முழங்கை மடங்காமல், காதோரமாக நேரே மேலே, மூடிய விரல்களுக்குள் மஞ்சள் கொடியோடு. நடுவர் வந்து, "போதும்ப்பா, இறக்கு" என்றார். "இறங்க மாட்டேங்குது" என்றார் லைன்ஸ்மேன். சட்டையைத் தோள் தையலில் கிழித்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. மறுநாள் விமானத்தில் கொடிக்கம்பு கூரையில் இடித்ததால் கடைசி வரிசையில் அவரைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். பணிப்பெண் வழிநெடுக ஏழு தடவை வந்து, "கூப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டாள்.

அந்தக் கிண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டத்தின் ஒவ்வொரு நாட்டிலும் முதலிடம் பிடித்த கிளப்புகள் ஒன்றோடொன்று மோதி, கடைசியில் மிஞ்சுகிற ஒன்றுக்குக் கிடைப்பது அது. முதல் வருடம் எட்டே கிளப்புகள்தான். அவற்றில் ஒன்றின் ஆட்டக்காரர்கள் இறுதி ஆட்டத்துக்கு ரயிலில் நான்கு நாள் நின்றுகொண்டே வந்து, கால் வீங்கி, ஒன்பது கோல் வாங்கித் திரும்பினார்கள். ஆரம்பத்தில் இறுதி ஆட்டத்தை இரண்டு கிளப்பின் ஊரிலும் தலா ஒரு தடவை ஆடினார்கள். இரண்டு ஊரிலும் அடிதடி ஆனதால் ஐந்தாம் வருடத்திலிருந்து பொதுவான ஓர் ஊரில் ஒரே ஆட்டம் என்றாயிற்று. தொடர்ந்து மூன்று தடவை ஜெயித்தால் கிண்ணம் சொந்தம் என்ற விதிப்படி ஒன்பதாம் வருடத்தோடு பழைய கிண்ணம் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினோராவது இறுதிக்கு வைத்திருந்தது புதுசு. இரண்டு காதும் ஒரு மூடியும் உள்ளது, பழையதைவிட இரண்டு கிலோ கூடுதல்.

லைன்ஸ்மேனுக்குப் பிழைப்பு வேறு. மின்சார இலாகாவில் வீடுவீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுபவர்; அப்போது வயது முப்பத்து நாலு. இலாகாவில் கம்பம் ஏறுகிறவன் லைன்மேன், மைதானத்தில் கோட்டோரம் ஓடுகிறவர் லைன்ஸ்மேன் என்ற வித்தியாசம் அவர் தெருவில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. கரண்ட் போனால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொடி பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தவர். இறுதி ஆட்டத்துக்கு அழைத்த கடிதத்தை அவர் மனைவி தான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துப்போய்ப் பன்னிரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினாள்.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் நடந்தது இவ்வளவுதான். ஆட்டம் கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. சிவப்புச் சட்டை அணியின் முன்கள வீரன், எதிரணியின் கடைசித் தடுப்பாளன் பக்கத்தில் நின்றான். நாற்பது மீட்டர் பின்னாலிருந்து அவனுக்குப் பந்து வந்தது. பந்து உதைபடும் அந்தக் கணத்தில் அவன் தடுப்பாளனைத் தாண்டி நின்றிருந்தால் ஆஃப்சைட், தாண்டாவிட்டால் கோல். அங்கே உதைக்கிற காலையும் இங்கே நிற்கிற ஆளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஆனால் கண் இரண்டும் ஒரே பக்கம்தான் திரும்பும். லைன்ஸ்மேன் காலைப் பார்த்தார். திரும்பியபோது முன்கள வீரன் ஓடிக்கொண்டிருந்தான், பந்து வலையை நெருங்கியிருந்தது. அவன் எங்கே நின்றான் என்பதை அவர் பார்க்கவே இல்லை. அறுபதாயிரம் பேர் எழுந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவர் கை தானாக மேலே போயிற்று. கோல் செல்லாது என்று நடுவர் ஊதினார். கூடுதல் நேரத்தில் நீலச் சட்டைக்காரர்கள் ஒன்று போட்டுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு வந்தது. பார்த்தீர்களா என்று கேட்டார்கள். "பார்த்தேன்" என்றார். பத்திரிகைக்காரர்களிடமும் அதையே சொன்னார். மனைவி ஒரே ஒரு தடவை, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நிஜமாவே பார்த்தீங்கல்ல?" என்று கேட்டாள். "பார்த்தேம்மா." "அப்ப விடுங்க. இறங்குறப்ப இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குப் பால் கலக்கப் போனாள். எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு நெருங்கிய சிநேகிதியாக இருந்த சூப்பர்வைசரம்மா, உன் வீட்டுக்காரர் விலைபோய்விட்டதாகப் பேசிக்கொள்கிறார்களே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். அன்றோடு அவர்கள் பேச்சு நின்றது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, எங்கப்பா பார்த்துட்டுத்தான் தூக்கினார் என்று சொல்லி ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்து, இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நின்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று லைன்ஸ்மேன் நினைக்காத வாரமில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை மேல் வருடத்துக்கொரு மாடி எழும்பிக்கொண்டே போயிற்று. அஸ்திவாரத்தில் கை வைத்தால் உள்ளே குடியிருக்கிற இவர்கள்தான் முதலில் புதைவார்கள். அதனால் யார் கேட்டாலும் பார்த்தேன் என்றார். சொல்லும்போதெல்லாம் தோள்பட்டைக்குள் ஒரு தாழ்ப்பாள் விழுவது போலிருக்கும்.

டாக்டர் படமெடுத்துப் பார்த்து எலும்பில் ஒன்றுமில்லை என்றார். மணிக்கட்டில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டார்கள். மூட்டை அறுந்ததே தவிரக் கை அசையவில்லை. மீட்டர்கள் மாடிப்படிக்கு அடியிலும் கழிப்பறைச் சுவரிலும் இருந்ததால் அவரால் உள்ளே குனிந்து போக முடியாமல் போயிற்று. அலுவலகத்தில் ஒரு மூலை மேஜையைக் கொடுத்து, தலைக்கு மேலிருந்த மின்விசிறியைக் கழற்றினார்கள். இருபத்தாறு கோடைகளை அவர் அந்தப் புழுக்கத்திலேயே கழித்தார். இடது கையால் எழுதப் பழகினார். பஸ்ஸில் ஏற முடியவில்லை. நடந்து போனால் டாக்சிகள் வந்து வந்து நின்றன. சங்கக் கூட்டங்களில் எந்தத் தீர்மானத்துக்கும் ஆதரவாக ஒரு கை கூடுதலாக இருந்ததால், எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துக்கொள்வது என்று தனியாக ஒரு தீர்மானம் போட்டார்கள். அதற்கும் அவர் கை ஆதரவாகவே இருந்தது. ஊரில் அவர் பெயர் கொடி என்றாயிற்று. நான்கு நாள் விடாத மழையில் மனைவி குழந்தையின் துணிகளை அந்தக் கையில் காயப்போட்டாள். "பேருக்கு ஏத்த வேலை" என்றாள். அவரும் சிரித்தார்; ஆனால் துணி காயும்வரை நகர முடியாமல் நின்றார்.

படுத்தால் கை தலைக்கு மேல் நீண்டு சுவரில் முட்டியது. கொத்தனார் வந்து சுவரில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தார். அப்புறம் தினமும் அவர் தூங்கும்போது, பக்கத்து அறையில் மகளின் மேஜைக்கு நேராக ஒரு கையும் கொடியும் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவள் அதில் பள்ளிப் பையை மாட்டிவைத்தாள். கண்டக் கால்பந்துச் சம்மேளனம் தன் சொத்தான கொடியைத் திருப்பித் தரும்படி வருடத்துக்கு இரண்டு நினைவூட்டல் அனுப்பியது. விரல்கள் திறக்கவில்லை என்று அவர் இடது கையால் பதில் எழுதினார்.

அந்த வீட்டில் வருடங்களை இறுதி ஆட்டங்களை வைத்துத்தான் சொன்னார்கள். பனிமூட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமலே எல்லோரும் வீட்டுக்குப் போன பதினைந்தாவது இறுதி, மகளுக்கு அம்மை போட்ட வருடம். நாணயம் சுண்டி முடிவு செய்தபோது அது சேற்றில் செங்குத்தாக நின்று, இரண்டு கிளப்பும் ஆளுக்கு ஆறு மாதம் கிண்ணத்தை வைத்திருந்த பத்தொன்பதாவது இறுதி, மனைவிக்குப் பதவி உயர்வு வந்த வருடம். பெனால்டி உதை முடிவே இல்லாமல் மறுநாள் காலைவரை போய், உதைக்க ஆளில்லாமல் கிளப் பஸ் டிரைவர்களை இறக்கிய இருபத்தொன்பதாவது இறுதி, மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம். எல்லாவற்றையும் லைன்ஸ்மேன் வானொலியிலும் பிறகு டெலிவிஷனிலும் மூலை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார், பார்த்தார். திரையில் எந்த லைன்ஸ்மேன் கொடி தூக்கினாலும், அது இறங்கும்வரை அவர் மூச்சு விடமாட்டார். எல்லாக் கொடிகளும் இறங்கின.

முப்பத்தேழாவது இறுதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம், அந்த முன்கள வீரர் இரண்டு எல்லைகளைப் பஸ்ஸில் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார். ஐம்பத்து மூன்று வயதாகியிருந்தது. வலது முட்டியில் பட்டை கட்டியிருந்தார். இந்த நாட்டுக் கிளப் ஒன்றுக்கு இரண்டு சீசன் ஆடியவராதலால் இங்குள்ள மொழி பேச வந்தது. லைன்ஸ்மேன் எழுந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார்.

முன்கள வீரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேப்பர்ல படிச்சேன் சார். நம்பல" என்றார். அப்புறம் தன் கதையைச் சொன்னார். திருடப்பட்ட கோல் என்று அவர் ஊரில் ஒரு சுவர் முழுக்க எழுதியிருக்கிறார்களாம். அந்த அநியாயத்துக்கு ஈடாக இரண்டு அறை உள்ள வீடும், நகராட்சி நீச்சல் குளத்தில் மேற்பார்வை வேலையும் கொடுத்தார்களாம். வருடாவருடம் அதே தேதியில் மைதானத்தில் ஊரே கூடும். அவர் அதே இடத்திலிருந்து ஓடிப்போய்க் காலி வலைக்குள் பந்தை உதைக்க வேண்டும். "போன வருஷம் பந்து வலை வரைக்கும் போகவே இல்ல சார். அதுக்கும் கைதட்டினாங்க."

"மன்னிச்சிடுங்க" என்றார் லைன்ஸ்மேன்.

"நீங்க ஏன் சார்? நான் முழுசா ஒரு எட்டு முன்னாடி நின்னேன். அந்தத் தடுப்பாளனோட நிழல் எனக்குப் பின்னாடி விழுந்துச்சு, பார்த்தேன். ஆஃப்சைட்னு தெரிஞ்சேதான் ஓடினேன். இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல." குரலைத் தாழ்த்தினார். "இந்த வருஷத்திலேர்ந்து படத்துல கோடு போட்டு ஆஃப்சைட் பார்க்கிற மெஷின் வருதாம். பழைய இறுதி ஆட்டங்களையும் அதுல போடப் போறாங்களாம், நம்ம ஆட்டத்தைத்தான் முதல்ல. அதுக்கு முன்னாடி உங்ககிட்டயாவது என் வாயால சொல்லிடணும்னு வந்தேன். நீங்க சரியாத்தான் பார்த்தீங்க சார்."

லைன்ஸ்மேன், "நான் பார்க்கவே இல்லை" என்றார்.

"என்ன சார் சொல்றீங்க?"

"உதைச்சவன் காலைப் பார்த்துட்டுத் திரும்பினேன். நீங்க ஏற்கெனவே ஓடிட்டீங்க. பயந்துபோய்த் தூக்கினேன்."

முன்கள வீரருக்குச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. இருவரும் சொல்லி வைத்தாற்போல் கையை அண்ணாந்து பார்த்தார்கள். இப்போது இறங்கிவிடும் என்று இருவருக்குமே தோன்றியது. கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். முன்கள வீரர் பொறுமையில்லாமல் நாற்காலி மேல் ஏறி, மணிக்கட்டைப் பிடித்து முழு பலத்தோடு தொங்கினார். அவர் கால்கள்தான் அந்தரத்தில் ஆடின. கை ஒரு நூல்கூட அசையவில்லை. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல போலிருக்கு சார்" என்று இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். வாசற்படியில் டீத்தட்டோடு மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பதினோரு நாள் அவள் அவரோடு பேசவில்லை. சோறு வந்தது, சட்டை துவைத்து வந்தது, வார்த்தை வரவில்லை. கை மாட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம் தாங்கியவருக்கு அந்தப் பதினோரு நாள் தாங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவள் வெளியே கிளம்பிப்போய், மாலையில் கண் சிவந்து திரும்பினாள். "சூப்பர்வைசரைப் பார்க்கப் போனேன்" என்றாள். "அவளுக்கு உங்க கையும் ஞாபகமில்ல, விலைபோனீங்கன்னு சொன்னதும் ஞாபகமில்ல. நான் ஏதோ உத்தியோகத் திமிர்ல பேசாம போயிட்டேன்னு நினைச்சாளாம், இத்தனை வருஷமும்."

"சொல்லியிருக்கணும் நான்" என்றார்.

"சொல்லியிருக்கணும்" என்றாள் அவளும். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மெஷின் பதினோராவது இறுதியைப் பதினேழு நிமிடம் ஆராய்ந்தது. அந்தக் காலத்தில் ஒரே ஒரு காமிரா. பந்து உதைபடும் கணத்தில் யாரோ ஒரு புகைப்படக்காரரின் குடை குறுக்கே வந்திருந்தது. முடிவு சொல்ல முடியாது என்று அறிவித்தார்கள். முன்கள வீரர் தன் ஊருக்குப் போய் மேடையிலேயே, நான் ஆஃப்சைட்தான் என்று மைக்கைப் பிடித்துச் சொன்னாராம். ஜனங்கள் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு முன்னைவிடப் பலமாகக் கைதட்டி, பந்தைக் கொண்டுவந்து வைத்தார்களாம். உதைத்தேன் சார், வேறென்ன செய்ய, என்று கடிதம் எழுதியிருந்தார்.

அடுத்த வருடம் மகள் தனக்கென்று வீடு கட்டத் தொடங்கினாள்; அப்பாவும் அம்மாவும் தன்னோடுதான் இருக்க வேண்டும் என்றாள். மேஸ்திரி வரைபடத்தை மணல் குவியல் மேல் விரித்து, "நிலைக்கதவு ஏழடி போதுமாம்மா?" என்று கேட்டார்.

"ஒன்பது வைங்க. எல்லாக் கதவும்."

மேஸ்திரி சற்றுத் தள்ளி, தூக்கிய கையோடு வெயிலில் நின்றிருந்த லைன்ஸ்மேனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து ஒன்பதரை என்று குறித்துக்கொண்டு, ஜன்னல்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.