பதினாலு கோடி லாபம்

பம்பு செய்யும் கம்பெனியின் ஆண்டறிக்கை தபாலில் வந்திருந்தது. ராஜ்கோட்டில் பாதிப் பேர் அந்தப் பங்கை வைத்திருக்கிறார்கள். என் மகள் சாருமதியிடம் மூவாயிரம் பங்கு. புருஷனைப் பிரிந்து வந்தபோது அவன் வீட்டார் கொடுத்த பணம் முழுக்க அதில்தான் கிடக்கிறது. வேறு காசு அவளுக்குக் கிடையாது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் வரி வரியாகப் படித்துச் சொன்னாள், நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ரொக்கம் வந்ததையும் போனதையும் அவர்களே கணக்குப் போட்ட பக்கம் ஒன்று உண்டாம். அதை மட்டும் படிக்க வேண்டாம் என்றேன். அவர்கள் கூட்டியதை நான் ஏன் நம்ப வேண்டும்?

லாபம் பதினாலு கோடி. தேய்மானம் மூன்று கோடி. அது ஏட்டில் கழித்தது, கையை விட்டுப் போகாத காசு. சேர்த்தால் பதினேழு. வெளியிலிருந்து வர வேண்டிய பாக்கி போன வருஷம் இருபத்திரண்டு கோடி, இந்த வருஷம் நாற்பத்தொன்று. கம்பெனிக்காரன் சரக்கை அனுப்பிவிட்டு அதையும் லாபத்தில் எழுதியிருக்கிறான். பத்தொன்பது கோடி வரவே இல்லை. கிடங்கில் கூடுதலாகத் தேங்கிய சரக்கு ஆறு கோடி. இவன் பிறருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது இரண்டு கோடி கூடியிருக்கிறது. கூட்டிக் கழித்தால் மைனஸ் ஆறு. வியாபாரத்தில் கைக்கு ஒரு பைசா வரவில்லை. புது மெஷினுக்கு ஐந்து, டிவிடெண்டுக்கு நாலு. மொத்தம் பதினைந்து கோடி பள்ளம். பேங்கு கடன் சரியாகப் பதினைந்து கோடி ஏறியிருந்தது.

நாற்பது வருஷம் பாத்திரக் கடை வைத்திருந்தவன் நான். இப்படி லாபம் காட்டிய மூன்று பேர் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே விற்றுவிடு என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவள் போனில் மெசேஜ் வந்தது. டிவிடெண்ட். வரி போகப் பத்தாயிரத்து எண்ணூறு ரூபாய்.

"காசே இல்லாத கம்பெனி எனக்கு எப்படி பாபுஜி காசு போட்டுச்சு?"

"கடன் வாங்கிப் போட்டிருக்கான், பேட்டா."

"பாக்காமயா பேங்க்குல கொடுப்பாங்க? அங்க இருக்கறவங்க படிச்சவங்க. நீங்க ஏழாங்கிளாஸ்."

பாத்திரக் கடையிலும் இப்படியே சந்தேகப்பட்டுத்தான் ரெண்டாவது கடை போடாமல் கிடந்தீர்கள் என்று அவள் அம்மா சொல்வாளாம். அதையும் சொல்லிக்காட்டினாள். அது உண்மைதான்.

கணக்கு அவள் பேரில், போன் அவள் கையில். விற்க என்னால் முடியாது. அறிக்கைப் புத்தகத்தைப் பிடுங்கிக் கிழித்தாலும் பங்கு அங்கேதான் இருக்கும்.

"இருநூத்தி அறுபதுல நிக்குது. இந்தக் காசுக்கு இன்னும் நாப்பத்தொரு பங்கு வரும்" என்றாள். என் முன்னாலேயே வாங்கினாள். பிறகு தட்டில் கடலைமாவில் பொரித்த காட்டியாவும் பப்பாளித் துருவலும் வைத்துக் கொண்டுவந்து, கோபமா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

எங்காவது தப்பாகக் கூட்டியிருப்பேன், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தாளை எடுத்து முதலிலிருந்து மறுபடி போட்டேன். மைனஸ் ஆறுதான் வந்தது.